உலக வீதியிலே: தாங்கள் யார் என்பதைத் தாங்களே சொல்லிக்கொண்ட மக்கள்

திருத்தந்தையின் அரசுடன் தூதுவர் உறவு பூண்ட நாடுகளின் பட்டியலில் சீனா என்ற பெயர் இன்றும் இருக்கிறது. ஆனால் அது பெய்ஜிங்கைத் தலைநகராகக் கொண்ட, நூற்று நாற்பது கோடி மக்கள் வாழும் பெருநாட்டைக் குறிப்பதன்று. அந்நாட்டின் கரையிலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் உள்ள தைவான் தீவையே குறிக்கிறது. 1951-ஆம் ஆண்டில் பொதுவுடைமை அரசு திருத்தந்தையின் தூதுவரைப் பெருநிலத்திலிருந்து வெளியேற்றியது. பின்னர் அத்தூதரகம் தைவானின் தலைநகரான தைபேயில் அமைந்தது. 1971-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை சீனாவுக்குரிய இருக்கையைப் பெய்ஜிங்குக்கு அளித்தபின், உலக அரசுகள் பலவும் தைபேயை விட்டு விலகின. இன்று அதனுடன் முழுமையான தூதுவர் உறவு வைத்திருப்பவை ஏறக்குறைய ஒரு டஜன் நாடுகளே. ஐரோப்பாவிலோ வத்திக்கான் ஒன்றே. அதுவும் தன் தூதரகத்தை மூடவில்லையே தவிர, அரை நூற்றாண்டாக முழுநிலைத் தூதுவர் எவரையும் அங்கு அமர்த்தாமல், பொறுப்பாளர் ஒருவரைக் கொண்டே அதனை நடத்தி வருகிறது.

உலகம் பெயர் சொல்லி அழைக்கத் தயங்கும் நாடு அது. அதற்கென நாணயம் உண்டு, படை உண்டு, நீதிமன்றம் உண்டு, கடவுச்சீட்டு உண்டு. இரண்டு கோடியே முப்பது இலட்சம் மக்கள் தங்கள் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். எனினும் அவர்களுடைய விளையாட்டு வீரர்கள் ஒலிம்பிக் பந்தயத்தில் 'சீனத் தைபே' என்ற பெயரிலேதான் அணிவகுத்து வர வேண்டும். "நீங்கள் யார்?" என்ற கேள்விக்குப் பிறர் சொல்லும் விடை ஒன்று, அவர்கள் தங்கள் உள்ளத்தில் சொல்லிக்கொள்ளும் விடை மற்றொன்று. அந்த இரண்டாவது விடை எவ்வாறு பிறந்தது என்பதே இத்திங்களில் நாம் காணவிருக்கும் செய்தி. அது அரசியல் வரலாறு மட்டுமன்று. பல்லாயிரம் குடும்பங்களின் கதையும் ஆகும்.

பல கரைகளிலிருந்து வந்தோர்

தைவானின் பரப்பு ஏறக்குறைய 36,000 சதுர கிலோமீட்டர். அங்கே முதலில் வாழ்ந்தவர்கள் சீனர் அல்லர். பிலிப்பைன்ஸ், மலாய்த் தீவுகளின் மொழிகளோடு உறவுடைய மொழிகளைப் பேசிய பழங்குடி மக்கள். பின்னர் டச்சுக்காரர் 1624-ஆம் ஆண்டிலும், இஸ்பானியர் 1626-ஆம் ஆண்டிலும் கரையிறங்கினர். இஸ்பானியருடன் வந்த தொமினிக்கன் சபைக் குருக்களே அங்கு நம் விசுவாசத்தை முதன்முதல் அறிவித்தவர்கள். பெருநிலத்தின் தென்கரையிலிருந்து உழவரும் மீனவரும் தலைமுறை தலைமுறையாக வந்து குடியேறினர். 1895-ஆம் ஆண்டில் போரில் தோற்ற சீனப் பேரரசு இத்தீவை ஜப்பானுக்குக் கொடுத்துவிட்டது. ஐம்பது ஆண்டுகள் ஜப்பானியர் ஆண்டனர்.

1945-இல் ஜப்பான் தோற்றது. சியாங் கை ஷேக்கின் சீனக் குடியரசு தைவானை ஏற்றுக்கொண்டது. மக்கள் மாலையும் கொடியுமாக வரவேற்றனர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1949-இல், பொதுவுடைமையரிடம் பெருநிலத்தை இழந்த சியாங்கும் அவருடைய கோமின்டாங் கட்சியும் படையும் தைவானுக்கே வந்து சேர்ந்தன. அவர்களுடன் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வந்தனர். அவர்களில் பலர் தாயையும் மனைவியையும் மக்களையும் அக்கரையில் விட்டு வந்தவர்கள். சில திங்களில் ஊர் திரும்பலாம் என எண்ணியவர்கள், நாற்பது ஆண்டுகள் வரை ஒரு கடிதம்கூடப் பெறாமல் வாழ நேர்ந்தது.

ஆகவே அத்தீவில் ஒரே குருதி இல்லை. ஒரே மொழி இல்லை. ஒரே நினைவும் இல்லை. ஒருவன் பாட்டன் ஜப்பானிய மொழியில் பள்ளி பயின்றவன். மற்றொருவன் பாட்டன் ஜப்பானியருடன் போரிட்டவன். இவர்கள் எல்லாரும் சேர்ந்து 'நாம்' என்று சொல்வது எப்படி?

பேசக்கூடாத நாள்

1947-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் மாலை, தைபே நகரத் தெருவொன்றில் திருட்டுச் சிகரெட் விற்றாள் எனக் குற்றஞ்சாட்டி, விதவைப் பெண்ணொருத்தியின் சரக்கையும் பணத்தையும் அரசு அலுவலர் பறித்தனர். கெஞ்சிய அவளைத் துப்பாக்கியால் தலையில் அடித்தனர். திரண்ட கூட்டத்தின்மேல் சுட்டதில் வழிநின்ற ஒருவர் இறந்தார். மறுநாள் மக்கள் ஆளுநர் அலுவலகத்தை நோக்கிச் சென்றனர், காவலர் சுட்டனர். இலஞ்சத்தாலும் விலையேற்றத்தாலும் வெந்து கிடந்த மக்களின் சினம் தீவெங்கும் மூண்டது. மார்ச் 8-ஆம் நாள் பெருநிலத்திலிருந்து படை வந்து இறங்கியது. அதன் பின்னர் நடந்தது படுகொலை. 1992-ஆம் ஆண்டில் அரசே வெளியிட்ட ஆய்வறிக்கை, இறந்தோர் தொகை 18,000-க்கும் 28,000-க்கும் இடைப்பட்டிருக்கும் என மதிப்பிட்டது. ஆசிரியர்கள், வழக்குரைஞர்கள், மருத்துவர்கள், மாணவர்கள் எனத் தீவின் கற்றோர் பலர் அதில் மாண்டனர்.

சென் செங்போ என்னும் ஓவியர் அவர்களுள் ஒருவர். டோக்கியோவில் நடந்த பேரரசின் ஓவியக் காட்சியில் 1926-ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றவர். தம் ஊராகிய சியாயியில் நகரவை உறுப்பினராயிருந்த அவர், படையினரோடு சமாதானம் பேசச் சென்ற குழுவில் சேர்ந்து போனார். மார்ச் 25-ஆம் நாள் அவ்வூர் இரயில் நிலையத்தின் முன்னே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி செய்த காரியம் நினைக்குந்தோறும் நெஞ்சை உருக்குவது. கணவரின் உடலைப் புகைப்படம் எடுக்கச் செய்து, அப்படத்தையும், இரத்தக்கறை படிந்த உடையையும், ஓவியங்களையும் வீட்டுக்குள் மறைத்து வைத்தார். என்றேனும் ஒரு நாள் உண்மை கேட்கப்படும் என்று அவர் நம்பினார் போலும். அந்த நாள் வர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

ஏனெனில் 1949-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இராணுவச் சட்டம், 1987-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் வரை, 38 ஆண்டுகள் நீடித்தது. புதுக் கட்சி தொடங்கக்கூடாது. அரசைக் குறைகூறும் ஏடு வரக்கூடாது. பிப்ரவரி 28 என்ற நாளைப் பற்றி வாய் திறக்கவே கூடாது. பெற்றோர் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளை பள்ளியில் பேசிவிடும், பேசினால் வீட்டுக்கு ஆள் வரும் என்ற அச்சம். தந்தை எப்படி இறந்தார் என்பதே அறியாமல் வளர்ந்த பிள்ளைகள் பலர்.

இன்னும் ஒன்று. 1953-ஆம் ஆண்டில் மரண தண்டனை பெற்ற பல் மருத்துவர் ஒருவர், தண்டனைக்கு முன்னிரவில் மனைவிக்கும் மக்களுக்கும் கடிதங்கள் எழுதினார். அவருள் ஒரு மகள், அவர் கைதானபோது தாயின் வயிற்றில் இருந்தவள். தந்தையின் முகம் காணாதவள். கடிதங்கள் வீடு சேரவில்லை. கோப்போடு கோப்பாகக் கட்டி வைக்கப்பட்டன. 2008-ஆம் ஆண்டில் அவருடைய பேத்தி ஆவணக் காப்பகத்தில் பாட்டனாரின் வழக்குத்தாள்களைக் கேட்டுப் பெற்றபோதுதான் அவை இருப்பதே தெரிந்தது. மூலக் கடிதங்கள் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது 2011-ஆம் ஆண்டில். ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழித்துத் தன் தந்தையின் கையெழுத்தை அம்மகள் முதன்முதலாகக் கையில் ஏந்தினாள். அவ்வாறு உரியவரைச் சேராமல் கிடந்த இறுதிக் கடிதங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை.

தாய்மொழிக்குத் தண்டனை

தைவான் மக்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது பூக்கியன் கரையிலிருந்து வந்த மொழி. அதனையே தைவான் மொழி என்கின்றனர். ஹக்கா மொழி பேசுவோர் உண்டு. பழங்குடியினர்க்கு அவரவர் மொழி உண்டு. ஆனால் அரசு மண்டரின் ஒன்றையே 'நாட்டு மொழி' என்றது. பள்ளியில் வீட்டு மொழி பேசிய பிள்ளைக்கு அபராதம். அல்லது கழுத்தில் அட்டை தொங்கவிட்டு நிற்க வைப்பார்கள். அடுத்து எந்தப் பிள்ளை அம்மொழி பேசி அகப்படுகிறதோ, அதன் கழுத்துக்கு அட்டை மாறும். தன் தாய் பேசும் பேச்சு வெட்கத்துக்குரியது என்று ஒரு குழந்தைக்குக் கற்பிப்பதைவிட ஆழமான காயம் வேறென்ன இருக்கக்கூடும்! பழங்குடியினர்க்கோ பெயர்களே பறிபோயின. பதிவேட்டில் சீனப் பெயர் எழுதப்பட்டபோது, உடன்பிறந்தோர்க்கே வெவ்வேறு குடும்பப் பெயர் சூட்டப்பட்டதும் உண்டு.

இங்கே நமக்கு நேராகத் தொடர்புடைய செய்தி ஒன்று வருகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின்னர், தாய்மொழியில் இறைவார்த்தையைத் தருவதில் கத்தோலிக்கரும் பிரிந்த சகோதரரும் பல நாடுகளில் கைகோத்தனர். தைவானிலும் அவ்வாறே பிரஸ்பிட்டேரியன் சபையாரும் கத்தோலிக்க மேரிநோல் சபைக் குருக்களும் சேர்ந்து புதிய ஏற்பாட்டைத் தைவான் மொழியில் உரோம எழுத்துக்களால் எழுதி 1973-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சிவப்பு அட்டை போட்ட அந்நூலை மக்கள் 'செவ்வட்டை விவிலியம்' என்றே அழைத்தனர். 1975-ஆம் ஆண்டில் அரசு அதனைக் கைப்பற்றியது. நாட்டு மொழிக் கொள்கைக்கு முரணானது என்பது காரணம். படைக்கலம் அன்று, துண்டறிக்கை அன்று, விவிலியம் கைப்பற்றப்பட்டது! மேரிநோல் குருக்கள் மனந்தளரவில்லை. அடுத்த ஆண்டே தைச்சுங் நகரிலிருந்து அம்மொழிக்கு ஓர் அகராதியை வெளியிட்டனர்.

எனினும் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்நாளைய கத்தோலிக்கத் திருச்சபை பொதுவாக அரசுக்கு எதிராக வாய் திறக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அங்கிருந்த குருக்களிலும் துறவியரிலும் பலர் பெருநிலத்தில் துன்புறுத்தப்பட்டு உயிர்தப்பி வந்தவர்கள். மூடப்பட்ட ஆலயங்களையும் சிறைப்பட்ட ஆயர்களையும் கண்ணால் கண்டவர்கள். அவர்களுக்கு அடைக்கலம் தந்தது அந்த அரசு. அவர்கள் அச்சத்தை எளிதாகப் பழிக்க நமக்கு உரிமை இல்லை. ஆயினும் ஒருவரது அடைக்கலம் மற்றவரது சிறையாக இருந்தது என்பதே அத்தீவின் துயரம்.

மனித உரிமை நாளில் மூண்டது

குரல் எழுப்பியவர்கள் பிரஸ்பிட்டேரியன் சபையினர். 1977-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள், தைவானின் எதிர்காலத்தை அங்கு வாழும் மக்களே முடிவு செய்ய வேண்டும் என்றும், அது புதிய, தன்னுரிமையுள்ள நாடாக வேண்டும் என்றும் அச்சபை அறிக்கை விடுத்தது. இராணுவச் சட்டத்தின் நடுவே அத்தகைய சொல் சொல்வது சிறைக்கதவைத் தட்டுவதற்கு ஒப்பாகும்.

1979-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள், உலக மனித உரிமை நாளன்று, காவ்சியுங் என்னும் துறைமுக நகரில் 'அழகிய தீவு' என்னும் பொருள்படும் பெயர்கொண்ட இதழைச் சேர்ந்தோர் கூட்டம் நடத்தினர். காவலருடன் கைகலப்பு நேர்ந்தது. தலைவர்கள் கைதாயினர். எண்மர் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். தப்பிய ஒருவருக்கு அடைக்கலம் தேடிக்கொடுத்த குற்றத்திற்காகப் பிரஸ்பிட்டேரியன் சபையின் பொதுச்செயலர் போதகர் காவ் சுன்மிங் நான்கு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார்.

கைதானவருள் மாகாண அவை உறுப்பினர் லின் யிசியுங் ஒருவர். அவர் காவலில் இருந்தபோது, 1980-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் நண்பகலில், அவருடைய வீட்டில் புகுந்த எவரோ அவருடைய முதிய தாயையும், இரட்டையராய்ப் பிறந்த இரு பெண் மக்களையும் கத்தியால் குத்திக் கொன்றனர். மூத்த மகள் பல குத்துக்களோடு உயிர் பிழைத்தாள். அரசின் காவற்கண் இடைவிடாது பதிந்திருந்த வீடு அது. கொன்றவர் யார் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. அந்த வீட்டை என் செய்வது? யாரும் வாங்கத் துணியாத அவ்வீட்டைக் கிறிஸ்தவர்கள் பணம் திரட்டி வாங்கினர். 1982-ஆம் ஆண்டு முதல் அது ஆலயமாக இருந்து வருகிறது. குருதி சிந்திய தரையில் ஞாயிறுதோறும் வழிபாடு நடைபெறுகிறது. லின் பழிக்குப் பழி கேட்கவில்லை. சிறைமீண்டு, பிற்காலத்தில் எதிர்க்கட்சிக்குத் தலைவரானார். அவர் தலைமையில்தான் 2000-ஆம் ஆண்டில் அக்கட்சி முதன்முறையாக ஆட்சியைப் பிடித்தது. குடியரசுத் தலைவரான சென் ஷுய்பியன், காவ்சியுங் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டோர்க்காக வாதாடிய வழக்குரைஞர். துணைத்தலைவரான பெண்மணி, அவ்வழக்கிலேயே சிறை சென்றவர்!

இதற்கிடையே நடந்தவற்றைச் சுருங்கச் சொல்வோம். 1986-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள், தடையை மீறி மக்களாட்சி முன்னேற்றக் கட்சி தோன்றியது. சியாங் கை ஷேக்கின் மகனாகிய தலைவர் சியாங் சிங்குவோ அதனை நசுக்கவில்லை. மறு ஆண்டு இராணுவச் சட்டத்தையும் நீக்கினார். 1990-ஆம் ஆண்டு மார்ச்சில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் தைபேயின் நடுவே அமர்ந்து, 1940-களில் பெருநிலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டு அன்றுவரை பதவி விலகாதிருந்த முதிய உறுப்பினர்கள் ஓய்வு பெற வேண்டும் எனக் கேட்டனர். அடுத்த ஆண்டின் இறுதியில் அவர்கள் ஓய்வு பெற்றனர். 1995-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், தலைவர் லீ டெங்ஹுய் 1947-இன் படுகொலைக்காக அரசின் சார்பில் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டார். 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள், தலைவர் சாய் இங்வென் நானூறு ஆண்டுக் கொடுமைகளுக்காகப் பழங்குடி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

உயர்த்திக் காட்டப்படும் சீட்டு

தைவானில் வாக்குப்பதிவு நடக்கும் முறை கேட்கச் சுவையானது. அஞ்சல் வழி வாக்கு இல்லை, இயந்திரமும் இல்லை. ஒவ்வொருவரும் தம் பெயர் பதிந்துள்ள ஊருக்கே சென்று வாக்களிக்க வேண்டும். ஆதலால் தேர்தலுக்கு முன்னாள் இரயில்கள் திருநாள் கூட்டம் போல் நிரம்பி வழியும். காலை 8 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணிக்கு முடிந்தவுடன், அதே பள்ளியறையில், அதே கோயில் முற்றத்தில், பெட்டி திறக்கப்படும். அலுவலர் ஒருவர் ஒவ்வொரு சீட்டாக எடுத்து, எல்லாரும் காணத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்து, முத்திரை பெற்றவர் பெயரை உரக்கக் கூவுவார். மற்றொருவர் சுவரில் ஒட்டிய தாளில் ஒரு கோடு இழுப்பார். ஐந்து கோடு சேர்ந்தால் 'நேர்மை' எனப் பொருள்படும் சீன எழுத்து ஒன்று நிறைவுறும்! வழியே போகும் எவரும் உள்ளே வந்து நின்று பார்க்கலாம். பிள்ளைகளை அழைத்து வந்து காட்டும் பெற்றோரும் உண்டு. அன்றிரவே முடிவு தெரிந்துவிடும்.

நாற்பது ஆண்டுகள் வாய் பொத்தி வாழ்ந்த மக்கள், தங்கள் சீட்டைத் தலைக்குமேல் உயர்த்திப் பெயர் சொல்லி எண்ணுகிறார்கள். இதில்தான் 'நாங்கள் யார்?' என்பதற்குரிய விடை பிறந்தது எனக் கருதுகிறேன்.

1996-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் அவர்கள் முதன்முறையாகத் தங்கள் தலைவரை நேராகத் தேர்ந்தெடுத்தனர். அத்தேர்தலை முன்னிட்டுப் பெய்ஜிங் அரசு தீவின் துறைமுகங்களுக்கு அருகே ஏவுகணைகளை எய்து அச்சுறுத்தியது. மக்கள் அஞ்சி வீட்டில் இருக்கவில்லை. பெய்ஜிங் வெறுத்த லீ டெங்ஹுய்க்கே நூற்றுக்கு 54 வாக்குகள் அளித்தனர்.

தைபேயிலுள்ள செங்சி பல்கலைக்கழகம் 1992-ஆம் ஆண்டு முதல் மக்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறது: "உங்களைத் தைவானியர் என்பீர்களா, சீனர் என்பீர்களா, இரண்டும் என்பீர்களா?" 1992-இல் 'சீனர்' என்றோர் நூற்றுக்கு ஏறக்குறைய 25 பேர், 'தைவானியர்' என்றோர் 18 பேர், 'இரண்டும்' என்றோர் 46 பேர். அண்மை ஆண்டுகளிலோ 'தைவானியர்' என்போர் 60-க்கு மேல். 'இரண்டும்' என்போர் 30 அளவில். 'சீனர்' என்போர் மூவர் அளவிலேயே. முப்பது ஆண்டுகளில் குருதி மாறிவிட்டதா? மாறவில்லை. அதே குடும்பங்கள்தாம், பெருநிலத்திலிருந்து வந்தவரின் பேரப் பிள்ளைகளும் இன்று தங்களைத் தைவானியர் என்கின்றனர். மாறியது வாழ்க்கை. சேர்ந்து வாக்களித்தனர், சேர்ந்து வாதிட்டனர், ஆட்சியைச் சேர்ந்து மாற்றினர், இறந்தோர்க்காகச் சேர்ந்து அழுதனர். அவ்வாறு செய்தவர்கள் ஒரு மக்கள் ஆயினர். மக்களாட்சிதான் அவர்களுடைய நாட்டுணர்வுக்குத் தாய்.

கவலைகள்

அவ்வாறாயின், மக்களாட்சிக்கு வரும் ஊறு அவர்கள் உயிருக்கே வரும் ஊறு ஆகும். வெளியிலிருந்து வரும் ஊறு யாவரும் அறிந்ததே. தைவான் தன்னிடமிருந்து பிரிந்தால் படைவலிமையையும் கையாளலாம் எனப் பெய்ஜிங் 2005-ஆம் ஆண்டில் சட்டமே இயற்றியது. 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தீவைச் சூழ்ந்து பெரும் போர்ப்பயிற்சி நடத்தியது. அதன் பின்னும் அத்தகைய பயிற்சிகள் நடந்தன. ஹாங்காங்குக்கு வாக்களிக்கப்பட்ட உரிமைகள் 2020-ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டத்தால் எவ்வாறு சுருங்கின என்பதையும், முதிய கர்தினால் ஜோசப் சென் 2022-இல் கைதானதையும் தைவான் மக்கள் கண்டனர். அவர்களில் பெரும்பான்மையோர் போரைத் தேடவில்லை. இன்றுள்ள நிலையே தொடரட்டும் என்பதே அவர்கள் விருப்பம்.

உள்ளிருந்து வரும் ஊறோ இன்னும் நுட்பமானது. 2024-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் தேர்தலில் மக்களாட்சி முன்னேற்றக் கட்சியின் லாய் சிங்தே நூற்றுக்கு 40 வாக்குகளோடு தலைவரானார். சட்டமன்றத்திலோ எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அதுமுதல் தலைவர் ஒரு புறம், மன்றம் ஒரு புறம் என இழுபறி. அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளிக்கக் குறைந்தது பத்து நீதிபதிகள் வேண்டும் என்று 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் எதிர்க்கட்சியினர் சட்டம் நிறைவேற்றினர். அப்போது பதவியில் இருந்தவர்களோ எட்டுப் பேர். நீதிமன்றம் பல திங்கள் முடங்கிக் கிடந்தது. மறுபுறம், எதிர்க்கட்சி உறுப்பினர்களைத் திரும்ப அழைக்கும் பெரும் இயக்கம் எழுந்தது. 2025-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் 24 பேர் மீதும், ஆகஸ்டு 23-ஆம் நாள் மேலும் 7 பேர் மீதும் வாக்கெடுப்பு நடந்தது. ஒருவரையும் மக்கள் நீக்கவில்லை.

இதில் ஆறுதலும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. ஆறுதல், சண்டை வாக்குப்பெட்டியில் தொடங்கி வாக்குப்பெட்டியில் முடிந்தது. தோற்றவர் தோல்வியை ஏற்றனர். எச்சரிக்கை, எதிர்த்து வாக்களிப்பவனை 'அயலான் கையாள்' என்றும், ஆள்பவனைக் 'கொடுங்கோலன்' என்றும் அழைக்கும் பழக்கம் ஒரே வீட்டில் தந்தைக்கும் மகனுக்கும் இடையே மதில் எழுப்பக்கூடியது. பொய்ச்செய்திகள் அம்மதிலை உயர்த்துகின்றன. கடல் கடந்து வருவன சில. உள்ளூரிலேயே உருவாவன சில. ஒருகால் அச்சத்தால் பேச முடியாதிருந்த குடும்பங்கள், வெறுப்பால் பேச முடியாத குடும்பங்கள் ஆகிவிடலாகாது.

1991-ஆம் ஆண்டின் சுற்றுமடலில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், மக்கள் தங்கள் தலைவர்களைத் தேர்ந்தெடுக்கவும் மாற்றவும் வழி செய்யும் ஆட்சிமுறையைத் திருச்சபை மதிக்கிறது என்றார். அதே இடத்தில், உண்மையையும் மனித மாண்பையும் மறந்த மக்களாட்சி கொடுங்கோன்மைக்கு வழிவிடும் என்றும் எச்சரித்தார். தைவானின் வரலாறு இவ்விரண்டையும் நம் கண்முன் வைக்கிறது.

அத்தீவில் நம் கத்தோலிக்கர் நூற்றுக்கு இருவர்கூட இல்லை; சிறு மந்தை. அவர்களுள் மலைவாழ் பழங்குடியினர் பலர். 2016 முதல் 2020 வரை நாட்டின் துணைத்தலைவராயிருந்த சென் சியென்ஜென் அம்மந்தையைச் சேர்ந்தவர்; 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் திருத்தந்தை பிரான்சிசின் அடக்கச் சடங்கில் தைவானின் சார்பில் நின்றவரும் அவரே. 2018-ஆம் ஆண்டில் ஆயர் நியமனம் குறித்து வத்திக்கான் பெய்ஜிங்குடன் உடன்பாடு செய்தபோது, 'நம்மைக் கைவிடுவார்களோ?' என்ற கலக்கம் அம்மந்தையில் எழுந்தது இயல்பே. பெருநிலத்து விசுவாசிகளும் திருச்சபையின் பிள்ளைகள். தீவின் விசுவாசிகளும் பிள்ளைகளே. இரு பிள்ளைகளையும் ஒருசேர அணைக்க விரும்பும் தாயின் இக்கட்டு அது. அத்தூதரகம் இன்னும் தைபேயில் திறந்தே இருக்கிறது என்பதைமட்டும் நன்றியுடன் குறிப்போம்.

அன்பு வாசகர்களே, ஒரு மக்களை மக்களாக்குவது கொடியும் படையும் மட்டும் அல்ல. இறந்த தந்தையைப் பற்றிப் பிள்ளையிடம் அஞ்சாது சொல்லும் வீடு. தாய் பேசும் மொழியை இகழாத பள்ளி. தவறு செய்தபின் மன்னிப்புக் கேட்கும் அரசு. ஏழையின் சீட்டையும் செல்வனின் சீட்டையும் ஒரே உயரத்தில் தூக்கிப் பிடிக்கும் கை. இவை நான்கும் இருக்குமிடத்தில், உலகம் பெயர் சொல்லி அழைத்தாலும் அழைக்காவிட்டாலும், அம்மக்கள் தாங்கள் யார் என்பதை அறிந்திருப்பார்கள். அவர்கள் அரும்பாடுபட்டுப் பெற்றது அவர்களை விட்டு நீங்காதிருக்கவும், கடலின் இரு கரைகளிலும் சமாதானம் நிலைக்கவும் நம் குடும்ப செபத்தில் ஒரு கருத்தாக வேண்டிக்கொள்வோம்.